முதலெழுத்தில் ஊரைச் சுமந்தவர்கள்



பழைய தமிழ்ப் பதிப்புகளை எடுத்துப் பார்ப்போர், முகப்புத் தாளிலே பதிப்பாசிரியரின் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துக்களைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை என்னும் பெயரிலே ‘சி’ என்பது சிறுப்பிட்டி. ‘வை’ என்பது தந்தையார் வைரவநாதர். தி. த. கனகசுந்தரம்பிள்ளை என்னும் பெயரிலே ‘தி’ என்பது நமது திருகோணமலை. ‘த’ என்பது தந்தையார் தம்பிமுத்துப்பிள்ளை. சொந்த ஊரிலே இருப்பவனுக்கு ஊர்ப்பெயர் வேண்டியதில்லை. குச்சவெளியில் இருக்கும் ஒருவரைக் குச்சவெளியார் என்று குச்சவெளியில் எவரும் அழைப்பதில்லை. அவர் இருபது மைல் தெற்கே திருகோணமலைப் பட்டினத்துக்கு வந்து ஒரு கடையிலோ கந்தோரிலோ வேலைக்கு நின்றால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே பெயருக்கு முன்னால் ஊரெழுத்தைக் கண்டால், இவர் எங்கிருந்தோ புறப்பட்டு வேறெங்கோ போய் நின்றவர் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இலக்கிய வரலாற்று நூல்கள் இவர்களைப் பதிப்பாசிரியர், உரையாசிரியர், நாவலாசிரியர் என்று அறிமுகஞ் செய்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும் அவ்வாறே மனனஞ் செய்கின்றனர். ஆனால் கடல் கடந்து சென்னப்பட்டணத்திலே காலடி வைத்த நாளில் இவர்கள் பதிப்பாசிரியர்களுமல்லர், நாவலாசிரியர்களுமல்லர். உத்தியோகந் தேடி வந்த இளைஞர்கள். சம்பளம் முந்தியது, தமிழ்த் தொண்டு அதற்குப் பிந்தியது. இப்படிச் சொல்வதால் அவர்கள் பெருமை குறைந்துவிடும் என்று நான் எண்ணவில்லை. அந்தச் சம்பளம் கிடைத்திராவிட்டால் நமக்குக் கிடைத்த பல நூல்கள் கிடைத்திருக்குமா என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

ஏன் போனார்கள்? 1823 ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிசனரிமார் ஒரு செமினரியை நிறுவினர். 1855 இல் அது மூடப்படும்வரை கணிதம், வானியல், தருக்கம், ஆங்கிலம், தமிழ் என்று அந்நாளில் ஆசியாவிலேயே அரிதாயிருந்த உயர்கல்வியை அது வழங்கியது. படித்து வெளியேறியவர்களுக்கு ஏற்ற உத்தியோகம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கவில்லை. கச்சேரியில் சில இலிகிதர்கள், நீதிமன்றத்தில் சில மொழிபெயர்ப்பாளர்கள், மிசன் பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயர்கள், அவ்வளவுதான். பட்டம் பெற விரும்பினாலோ இலங்கையிலே பல்கலைக்கழகம் கிடையாது. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது 1921 இல். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல். சென்னைப் பல்கலைக்கழகமோ 1857 இலேயே நிறுவப்பட்டது. அறுபத்துநான்கு ஆண்டு இடைவெளி. இந்த இடைவெளியைக் கடக்கத்தான் நம்மவர் கடலைக் கடந்தனர்.

தாமோதரம்பிள்ளை 1832 இல் பிறந்தவர். வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர். கோப்பாயில் ஆசிரியராகத் தொழில் தொடங்கி, இருபது வயதளவிலேயே ‘நீதிநெறி விளக்க’த்தை உரையுடன் பதிப்பித்தார். யாழ்ப்பாணத்திலே வெசுலியன் மிசனில் இருந்தவரும் ஆறுமுக நாவலரின் ஆசிரியருமான பேர்சிவல் பாதிரியார் சென்னைக்குச் சென்று நிலைபெற்றபோது, ‘தினவர்த்தமானி’ என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்புக்கு இவரை அழைத்துக்கொண்டார். புதிய நகரிலே முன்பே தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். வேலை தேடுபவனுக்கு ஆயிரம் தகைமைகளை விட இந்த ஒன்று பெரிது.

பத்திரிகை வேலை ஒன்றினால் மட்டும் அவர் நகரில் ஊன்றிவிடவில்லை. தமிழ் கற்க விரும்பிய ஆங்கிலேயருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1857 இல் புதிய பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பீ.ஏ. தேர்விலே தேறினார். அவருடன் தேறிய மற்றவரும் யாழ்ப்பாணத்தவரே, சுதுமலை விசுவநாதபிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் கடல் கடந்து போனவர்கள் என்பது நம்மவர் மேடைகளிலே பெருமையாகப் பேசப்படும் செய்தி. பெருமைதான். ஆனால் பட்டம் பெற்ற பின்பும் தாமோதரம்பிள்ளை சென்னையில் அமர்ந்திருக்க முடியவில்லை. கோழிக்கோட்டு அரசினர் கல்லூரியிலே உதவியாசிரியராகச் சிறிது காலம் போயிருந்தார். சிறுப்பிட்டியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மலையாளக் கரை, மீண்டும் சென்னை. பின்னரே அரசாங்கக் கணக்குப் பகுதியில் அவருக்கு நிலையான உத்தியோகம் வாய்த்தது. படிப்படியாக உயர்ந்து 1882 இல் ஓய்வு பெற்றார். இதனிடையே சட்டத்திலும் பட்டம் பெற்றார். ஓய்வின் பின் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார்.

இனி அவருடைய பதிப்புகளின் ஆண்டுகளைப் பாருங்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் 1868. பின்னர் நீண்ட இடைவெளி. வீரசோழியம் 1881, இறையனார் அகப்பொருள் 1883, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887, சூளாமணி 1889. நிலையான வருவாயும் ஓய்வூதியமும் உறுதிப்பட்ட பின்னரே நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பெறவும், பிரதிபண்ணுவோருக்குக் கூலி கொடுக்கவும், கடதாசி வாங்கவும், அச்சுக்கூடத்தாருக்கு முன்பணங் கட்டவும் காசு வேண்டும். ஆதீனங்களின் கொடையும் பிரபுக்களின் கையொப்பப் பணமும் ஓரளவுக்கே வந்தன. பணமுட்டுப்பாட்டை அவரே தம் பதிப்புரைகளில் எடுத்துரைத்திருக்கிறார். கணக்குப் பகுதியிலே அவர் எழுதிய இலக்கங்களும் தொல்காப்பியத்துக்கு அவர் எழுதிய பதிப்புரையும் ஒரே கையிலிருந்து வந்தவை. முன்னதை மறந்து பின்னதை மட்டும் நினைவில் வைப்பது நமது வழக்கமாகிவிட்டது.

இனித் திருகோணமலைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது பிரித்தானியக் கடற்படையின் நிலையம். கோட்டையும் துறைமுகமும் இருந்தன. கச்சேரியும் நீதிமன்றமும் இருந்தன. கடற்படைக் கந்தோர்களில் சில எழுத்து வேலைகள் இருந்தன. உயர்கல்விக்கு இடமில்லை. புகையிரதம் திருகோணமலையை வந்தடைந்தது 1927 இலேதான். அதற்கு முந்திய காலத்திலே கொழும்புக்குப் போவதென்றால் காட்டு வழியில் மாட்டு வண்டிப் பயணம். கீழ்க்கரையார்க்குக் கடல் பழகிய வழி. நாகபட்டினமும் சென்னப்பட்டணமும் அவர்கள் காதுக்குப் பழகிய பெயர்கள். திருகோணமலை இளைஞன் ஒருவனுக்குச் சென்னை அந்நிய நகராக இருந்ததைக் காட்டிலும் கொழும்பு அதிக அந்நியமாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

தம்பிமுத்துப்பிள்ளையின் புதல்வர் இருவர் இவ்வாறு சென்னைக்குச் சென்றனர். மூத்தவர் கனகசுந்தரம்பிள்ளை (1863–1922). இளையவர் சரவணமுத்துப்பிள்ளை (1865–1902). இருவரும் அங்கே கல்வியை முடித்து அங்கேயே உத்தியோகமும் தேடிக்கொண்டனர். மூத்தவர் அரசாங்க சேவையில் அமர்ந்தார். அலுவலக நேரம் போக எஞ்சிய வேளைகளில் ஏடுகளை ஒப்புநோக்குவதும் திருத்துவதும் குறிப்பெழுதுவதும் அவருடைய வேலையாயின. தாமோதரம்பிள்ளையின் பதிப்பு முயற்சிகளுக்கு உதவியோருள் இவரும் ஒருவர். முன்னே போய் ஊன்றியவருக்குப் பின்னே வந்தவர் கைகொடுத்தார். பின்னே வந்தவருக்கு அந்த வீட்டு வாசல் திறந்திருந்தது. புதிய நகரில் குடியேறுதல் என்பது இப்படித்தான் நிகழ்கிறது. ஒருவர் போகிறார், அவரைப் பார்த்து இன்னொருவர் போகிறார், மூன்றாமவர் போகும்போது அங்கே ஒரு சிறிய ஊர் ஏற்கெனவே இருக்கிறது.

இளையவர் சரவணமுத்துப்பிள்ளை பொறுப்பேற்றது மாநிலக் கல்லூரியின் நூல் நிலையத்தை. ஊரைவிட்டு வந்த, படிப்பிலே தாகங் கொண்ட ஓர் இளைஞனுக்கு இதனினும் பொருத்தமான வேலை வாய்த்திருக்க முடியாது. சம்பளமும் கிடைத்தது, சுற்றிவர நூல்களும் இருந்தன. 1892 இல் ‘தத்தைவிடு தூது’ என்னும் செய்யுள் நூலை அவர் வெளியிட்டார். கிளியைத் தூதுவிடுதல் பழைய மரபு. அந்த மரபின் வழியாக அவர் சொன்ன செய்தியோ புதியது: பெண்ணுக்கு உரிமை வேண்டும், அவள் விருப்பத்துக்கு மதிப்பு வேண்டும் என்பது. பெண் விடுதலை பற்றித் தமிழிலே பேசிய தொடக்ககால நூல்களுள் இதற்கு இடமுண்டு. இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர், ஊர்ப்பெரியவர்களின் கண்பார்வைக்கு அப்பால் இருந்துகொண்டு, இதனை எழுதினார். அதே நூலைத் திருகோணமலையில் இருந்துகொண்டு அதே துணிவுடன் எழுதியிருப்பாரா என்று நான் சில வேளைகளில் யோசிப்பதுண்டு. புதிய நகரம் மனிதனுக்குத் தனிமையைக் கொடுக்கிறது. அந்தத் தனிமையோடு சிறிது சுதந்திரத்தையும் சேர்த்தே கொடுக்கிறது.

1895 இல் வெளிவந்தது ‘மோகனாங்கி’. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர் இதனைச் சுட்டுவர். வேதநாயகம்பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879 இலும், இலங்கையில் சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ 1885 இலும் வந்துவிட்டன. ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ ஏறத்தாழ இதே காலத்தில் பத்திரிகையிலே தொடராக வந்துகொண்டிருந்தது. ஆனால் வரலாற்றைக் கதைக்களமாகக் கொள்ளும் எண்ணம் அதுவரை எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியது நூல் நிலையத்திலே வேலை பார்த்த திருகோணமலையாருக்கு. அந்நாவலின் களம் மதுரையும் தஞ்சாவூரும். காலம் சொக்கநாத நாயக்கருடைய ஆட்சிக் காலம். திருகோணமலை அதில் இல்லை. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துக் கோட்டையாக்கிய வரலாறு, குளக்கோட்டன் பற்றிய கதைகள் என்று எழுதுவதற்கு எத்தனையோ பொருள்கள் சொந்த ஊரிலேயே இருந்தன. ஏன் அவர் அவற்றைத் தொடவில்லை?

சிலர் இதனை ஒரு குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவ்வாறு படவில்லை. வாசகர் சென்னையில் இருந்தனர். அச்சுக்கூடம் சென்னையில் இருந்தது. கைக்கெட்டிய வரலாற்று நூல்கள் நாயக்கரைப் பற்றியவை. வந்தேறிய நகரிலே ஒருவன் முதலில் அந்த நகரத்தாரின் கதையைக் கற்றுக்கொள்கிறான். அவர்களுக்கே அதனைத் திருப்பிச் சொல்லக்கூடிய அளவுக்குக் கற்றுக்கொண்டபோது அவன் அங்கே குடியேறிவிட்டான் என்று கொள்ளலாம். சரவணமுத்துப்பிள்ளை அதனை முப்பது வயதுக்குள் செய்து முடித்தார். 1902 இல், நாற்பதைக் காணாமலே மறைந்தார். நாவலோ நெடுங்காலம் கிடைத்தற்கரியதாகி, அண்மைக் காலத்திலேதான் மறுபதிப்புக் கண்டது.

போன எல்லோருக்கும் நகரம் ஒரே முகத்தைக் காட்டவில்லை. மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளை சென்னை வெசுலிக் கல்லூரியிலே தமிழாசிரியராக இருந்தவர், அகராதி தொகுத்தவர், திரு.வி.க.வின் ஆசிரியர். அருட்பா மருட்பாப் பூசலிலே அவர் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டார். ஆசிரியரின் வழக்குக்காக அலைந்ததில் மாணவர் திரு.வி.க. பள்ளி இறுதித் தேர்வையே தவறவிட்டார் என்பது பலரும் அறிந்தது. கதிரைவேற்பிள்ளை 1907 இல் காலமானார். மறுபுறம், வின்சுலோ பாதிரியாரின் தமிழ்–ஆங்கில அகராதி வேலைக்காகச் சென்னை சென்று குடியமர்ந்த மல்லாகம் விசுவநாதபிள்ளை. (முன்னர் சொன்ன சுதுமலை விசுவநாதபிள்ளை வேறு, இவர் வேறு.) இவருடைய மகன் 1855 இல் சென்னையிலேயே பிறந்தவர். தபாற் பகுதியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழர்’ என்று தமிழில் வழங்கும் ஆங்கில நூலை எழுதி 1904 இல் வெளியிட்ட கனகசபைப்பிள்ளை அவர்தான். அவர் பெயரை வி. கனகசபைப்பிள்ளை என்றே எழுதுவர். ‘வி’ தந்தையின் பெயர். மல்லாகத்தைக் காணோம். ஒரே தலைமுறையில் ஊரெழுத்து உதிர்ந்துவிட்டது.

இவர்களெல்லாம் எழுதத் தெரிந்தவர்கள். ஆதலால் வரலாற்றில் நின்றார்கள். எழுத்தில் ஏறாத இன்னொரு குடியேற்றமும் நமது கரையிலே நடந்தது. குச்சவெளி, கும்புறுப்பிட்டி, நிலாவெளி என்று வடக்குக் கரையோரமாக இருந்த ஊர்களுக்கு நகரம் என்றால் திருகோணமலைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அந்தத் துறைமுகம் பெருகியது. கடற்படைத் தளத்துக்கும் சீனக்குடா விமானத்தளத்துக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் கைகள் வேண்டியிருந்தன. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது பட்டினத்து மக்களிற் பலர் ஊர்களை நோக்கி ஓடினர். ஆபத்து நீங்கியதும் வேலை மீண்டும் அவர்களை இழுத்தது. 1957 ஒக்ரோபரிலே பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்துப் போயினர். அதை நம்பி வந்து குடியிருந்த குடும்பங்களுக்கு நகரம் இருந்தது; வேலை இல்லை. அதே 1957 இல்தான் புல்மோட்டை மணலிலுள்ள கனியங்களை எடுப்பதற்கென அரசாங்கக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. தெற்கே போன கால்களில் சில வடக்கே திரும்பின. இதைப்பற்றி ஒரு ‘மோகனாங்கி’ எழுதப்படவில்லை. மூதூரிலே இருந்து வ. அ. இராசரத்தினம் போன்றோர் கீழ்க்கரை மக்களின் வாழ்வை எழுதினார்கள் என்பது ஓர் ஆறுதல்.

இன்னொன்றையும் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க இயலாது. தாமோதரம்பிள்ளை சென்னைக்குப் போனபோது இலங்கையும் சென்னையும் வெவ்வேறு நிருவாகத்தின் கீழ் இருந்தன. ஆயினும் இலங்கையில் பிறந்தவர் சென்னை அரசாங்கத்தின் கணக்குப் பகுதியில் உயர்ந்த உத்தியோகம் வகிப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாயிருக்கவில்லை. 1947, 1948 ஆம் ஆண்டுகளின் பின் அந்தக் கதவு மூடிக்கொண்டது. 1980களிலும் 1990 இலும் திருகோணமலை மாவட்டத்து மக்கள் ஆயிரக்கணக்கில் அதே கடலைக் கடந்தார்கள். மன்னார்க் கரையிலிருந்து வள்ளமேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிலே பெயர் பதிந்தார்கள். அவர்களிடையே படித்தவர்களும் இருந்தார்கள். தமிழ் ஆசிரியர்களும் இருந்தார்கள். பேசிய மொழி அதே மொழி. அரசாங்க உத்தியோகம் மட்டும் அவர்களுக்கு எட்டாப் பொருள். கிடைத்தது பெரும்பாலும் நாட்கூலி. முகாமிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பட்டம் பெற்றும் அகதி என்ற பதிவோடு வேலை தேடி நின்றார்கள். ஆற்றலிலே தாமோதரம்பிள்ளைக்கு நிகரான ஒருவர் அந்த முகாம்களில் இருந்திருக்கவே மாட்டார் என்று எவராலும் சொல்ல முடியுமா? இருந்திருந்தால், அவர் சுவருக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்திருப்பார்.

வகுப்பிலே நான் இந்தச் சகோதரர் இருவரைப் பற்றிச் சொல்லும்போது மாணவர்கள் மோகனாங்கியின் கதையைக் கேட்பார்கள் என்று எதிர்பார்ப்பேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போகக் காத்திருக்கும் குச்சவெளிப் பையன் ஒருவன் கேட்டது வேறு.

“சேர், அவை ரெண்டு பேரும் முதல் நாள் ஆரிட்டைப் போய் நிண்டவை?”

“அது எழுதிவைக்கப்படவில்லை, தம்பி” என்றேன். அவன் விடவில்லை. “ஆரோ ஊர்க்காரர் இருந்திருப்பினம், சேர். இல்லாட்டி எப்பிடி?” என்றான். நூல்களிலே நான் தேடாத ஒன்றை அவன் தேடினான். அவனுடைய ஊகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கவேண்டும்.

தம்பி மறைந்த பின்னும் கனகசுந்தரம்பிள்ளை இருபது ஆண்டு வாழ்ந்தார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவருடன் சேர்ந்து கம்பராமாயணப் பாலகாண்டத்துக்கு உரை கண்டார். ஒருவர் சென்னையிலே, மற்றவர் சுன்னாகத்திலே. அவ்வுரை 1918 இல் வெளிவந்தது. 1921 இல் ‘தமிழ் நாவலர் சரிதை’யைப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டு, 1922 இல், குமாரசுவாமிப் புலவரும் அவரும் காலமாயினர்.

‘மோகனாங்கி’யின் கதைப் போக்கையும், அதன் உரைநடை அக்காலத்து ஏனைய நாவல்களின் நடையினின்றும் எங்ஙனம் வேறுபடுகிறது என்பதையும் அடுத்த பேச்சிலே பார்ப்போம்.